கட்டிவைத்த குப்பை

“பாலுதான். எனக்குச் சந்தேகமே இல்ல” என்றார் லோகநாயகி டீச்சர்.

முடிச்சூர்ப் பக்கம் அடையாற்றங்கரையில், நாவல் மரத்தடியில், இரண்டு குப்பை மூட்டைகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. போன ஞாயிறும் இப்படித்தான். அதற்கு முந்தின ஞாயிறும் இப்படித்தான்.

“முடிச்சு வேற அழகா போட்டிருக்கான் பாருங்க. என்ன ஒரு நிதானம்!”

டீச்சருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. காலனிக்காரர்கள் ஞாயிறுதோறும் கூடி, முள்ளை வெட்டி, பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, புங்கங்கன்று நட்டுக் காப்பாற்றிய கரை அது. வேலை முடிந்ததும் ஃபிளாஸ்க் காபியோடு உட்கார்ந்து மீன்கொத்தியை வேடிக்கை பார்ப்பார்கள். கணவர் காலமான பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த டீச்சரை, மருமகள் ரோஹிணிதான் ஒருநாள் வலுக்கட்டாயமாக இங்கே அழைத்து வந்து விட்டாள். வந்த கொஞ்ச நாளிலேயே டீச்சர் எல்லாரையும் அதட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவர் எடுத்த பாடங்களில் முக்கியமானது பால் பாக்கெட். அதன் மூலையை முழுசாக வெட்டி எறியக் கூடாது. துண்டு பாக்கெட்டிலேயே தொங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பொடித் துண்டு ஆற்றுக்கு வந்து மீன் வயிற்றுக்குள் போகும். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடியே வெட்டினார்கள்.

போன மாதம் குழுவின் தலைவர் சுந்தரராமன் ஒரு நல்ல செய்தி சொன்னார். கரை சுத்தமாகிவிட்டது, இனி மழைக்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்தால் போதும் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சருக்கு மட்டும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மனசு கேட்காமல் சும்மா எட்டிப் பார்க்கப் போனவர் கண்ணில்தான் முதல் மூட்டைகள் பட்டன. உடனே எல்லாருக்கும் போன் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை மறுபடியும் சூடுபிடித்தது.

பாலு பழைய ஊர்க்காரர். கரையை ஒட்டி நிலம், நாலைந்து எருமைகள், மெயின் ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை. கன்றுகளுக்கு வேலி போட்டபோது, மாடு போகிற வழியை அடைக்கிறீர்களே என்று சண்டைக்கு வந்த மனிதர். அந்த ஆத்திரத்தைத்தான் இப்படித் தீர்த்துக்கொள்கிறார் என்பது டீச்சரின் தீர்ப்பு. போதாக்குறைக்கு, நேற்று சாயங்காலம் பாலு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனதைக் குழுவில் இருக்கும் சினேகா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

சுந்தரராமன் செல்போனில் மாநகராட்சிக்குப் புகார் தட்டத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து எருமைகளை ஓட்டிக்கொண்டு பாலுவே வந்து சேர்ந்தார்.

“நேத்து சாயங்காலம் இந்த மூட்டையைத் தூக்கிட்டுப் போனீங்களா இல்லையா?” என்றார் டீச்சர்.

“மாடு வாய வெச்சிரும்னு மேட்டுல தூக்கி வெச்சேன் டீச்சர்.”

“அப்ப கொண்டாந்து போட்டது யாரு?”

பாலு தன் எருமையைப் பார்த்தார். “தெரியாது டீச்சர்.”

டீச்சரிடம் பொய் சொல்லித் தப்பிய பிள்ளை இந்த வட்டாரத்தில் கிடையாது. “சரி. இதுவரைக்கும் மூட்டையை அப்படியே வண்டியில ஏத்திட்டோம். இன்னைக்குப் பிரிச்சுப் பார்த்துடறேன். உள்ள உங்க கடைத் தீவனப் பை ஒண்ணு இருந்தா போதும்.”

“வேணாம் டீச்சர்.” பாலு அவசரமாகக் குறுக்கே வந்தார். “அப்டியே ஏத்தி அனுப்பிருங்க.”

குழுவினர் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் மரத்தடியில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

நாற்றமே இல்லை. மேலாக இருந்தவை பால் பாக்கெட்டுகள். கழுவி, காயவைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. டீச்சர் ஒன்றை எடுத்தார். மூலைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அப்படியே.

அவர் கை அங்கேயே நின்றுவிட்டது. இந்த ஊரில் அவர் பேச்சைக் கேட்டு அப்படி வெட்டுகிறவள் ஒரே ஒருத்திதான். இன்று காலையில்கூட அடுப்படியில் நின்று வெட்டினாள்.

“ஏதாவது ஆதாரம் கிடைச்சுதா டீச்சர்?” என்று தூரத்திலிருந்து கேட்டார் சுந்தரராமன்.

டீச்சர் பாக்கெட்டை மறுபடி மூட்டைக்குள் வைத்தார். பாலு பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, யார் காதிலும் விழாமல் சொன்னார்.

“சனிக்கெழம சாயங்காலம் ஸ்கூட்டர்ல வந்து வெச்சிட்டுப் போவும் உங்க மருமக. மொத தபாவே புடிச்சிட்டேன். ‘ஞாயித்துக்கெழம வேலை இல்லேன்னா எங்க அத்தை மறுபடியும் படுத்துருவாங்கண்ணா’ன்னு அழுதுகினே சொல்லிச்சு. நான் இன்னா பண்றது?”

டீச்சருக்குக் கண்ணை மறைத்தது. இத்தனை நாளும் ஊரெல்லாம் இந்த மனிதரைத் திட்டித் தீர்த்தோமே என்று கும்பிடக் கையைத் தூக்கினார்.

“புகார்ல பாலு பேரைப் போட்டுடட்டுமா டீச்சர்?” சுந்தரராமன் மறுபடியும் குரல் கொடுத்தார்.

பாலு பதறிப்போய் டீச்சரின் கையை இறக்கிவிட்டார்.

“என் பேரே இருந்துட்டுப் போவட்டும் டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அந்தப் பொண்ணாண்ட சொல்லிடாதீங்க.”