கோழி மணக்கும் விரல்

பேசாலையில் தவக்கால வெள்ளி விடிகிறது. குசினி மேசையில் மூன்று ஜாம் போத்தல்கள். மூன்றிலும் அவித்த நூடில்ஸ், மேலே கரட் சீவல். மத்தியானம் வேலைக் கந்தோரில் மகள் சுடுதண்ணீர் ஊற்றினால் சூப் ஆகிவிடும். சற்றுமுன் மற்ற நாட்களுக்கென இரண்டின் அடியில் கோழிச் சூப் கட்டியை உதிர்த்தவளும், இறைச்சி விலக்கும் இன்றைய சுத்தபோசனத்துக்கென ஒன்றில் மட்டும் இறால் தூள் போட்டவளும் அன்ரோனெற்தான். எது எதுவென்று இப்போது தெரியவில்லை. கண்ணாடிக்குள் எல்லாம் ஒரே மஞ்சள். ஒவ்வொன்றாகத் திறந்து மணந்து பார்க்கிறாள். மூன்றிலும் கோழி. விரலை மணக்கிறாள், அதிலும் கோழி. தெருவில் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. "மணந்து பாக்காதேங்கோ அம்மா, தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லை," என்று மகள் பெற்றிசியா ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். "உனக்குப் பாவமில்லைப் பிள்ளை," என்கிறாள் அன்ரோனெற் வெறும் வாசலைப் பார்த்து. "கோழி போட்ட எனக்கு?"