சாம்பல் நிற ஹெட்

எங்கள் பழைய காரின் என்ஜினை நான்தான் பிரித்தேன். அதன் மேல்பாதியான ஹெட் வேறு ஏதோ வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது என்று பெயின்ட்டைச் சுரண்டும்போதுதான் தெரிந்தது. வெளியே எல்லாம் ஒரே கறுப்பு. பிராக்கெட்டுகளைக் கழற்றினால், பிரஷ் எட்டாத இடங்களில் முதல் பெயின்ட் அப்படியே இருந்தது. கீழ்ப்பாதியான பிளாக்கில் பச்சை. மேலே ஹெட்டில் சாம்பல்.

“முழுக்கப் பச்சை அடிச்சிடு, மேரி” என்றார் என் கணவரின் அண்ணன் கில்பர்ட். பழைய கார் கண்காட்சியை நடத்துகிறவர் அவர். மேரி என்பது கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் எனக்குத் தேர்ந்தெடுத்த பெயர். அதுவரை நான் மீனாம்பிகை.

“ஹெட்டோட கலர் சாம்பல், அத்தான்.”

“முன்னே இருந்த வண்டியில சாம்பல். இங்க வந்த பிறகு இந்த வண்டிக் கலர்தான்.”

“இத்தனை வருஷம் கறுப்பு அடிச்சும் உள்ள சாம்பலாத்தானே இருந்திருக்கு?”

“ரெண்டு கலர்ல நின்னா பாக்கிறவன் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும்.”

பச்சையை பிளாக்கோடு நிறுத்திக்கொண்டேன். சாம்பலை நானே கலந்தேன். பிராக்கெட்டுக்கு அடியில் பொட்டளவு மிஞ்சியிருந்த பழைய சாம்பலுக்குப் பக்கத்தில் தடவித் தடவிப் பார்த்து, எது புதுசு என்று எனக்கே தெரியாமல் போகும்வரை கலந்தேன்.

கண்காட்சியில் பானெட்டை அகலத் திறந்து வைத்தேன். கூட்டம் கூடியது. சிலர் சிரிக்கவும் செய்தார்கள். கில்பர்ட் அத்தான் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்: “மேரி! மேரி! அதை மூடு!”

யாரையோ கூப்பிடுகிறார் போல. நான் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.