ஏரி சொன்ன பதில்

ஏரியும் ஓர் ஆள்தான் என்று சட்டம் வந்தபின், அதன் சார்பில் பேசும் காப்பாளராகச் சேரலாதனை நியமித்தார்கள். தினமும் தலைவாரிக்கொண்டு கரைக்குப் போவார். "அவகிட்ட கெட்டதே கிடையாது" என்று ஏரியைப் பற்றி உருகுவார். மனைவி அஞ்சுகத்துக்கு வயிறு எரியும்.

மூத்த மகளுக்கு மலேரியா வந்தது. ஏரியில் கொசு மருந்து தெளிக்க அவர் சம்மதிக்க வேண்டும்.

"அவ ஒத்துக்க மாட்டா."

"அவளே சொன்னாளா?"

"கேட்டுட்டு வரேன்."

அஞ்சுகம் பின்னாலேயே போனாள். அவர் கண்களை மூடித் தண்ணீரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் நாணலுக்குப் பின்னால் நின்று, "மருந்து அடிச்சுக்கோங்க" என்றாள்.

"சரிம்மா" என்று அழுதார்.

அன்றே மருந்து தெளித்தார்கள். வீடு திரும்பியவர், "என்ன இனிமையான குரல் தெரியுமா!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அந்தக் குரல் மேல் அஞ்சுகத்துக்குப் பொறாமையாக இருந்தது.