மைனஸ் பதினொன்று

“வெள்ளவத்தையில நேற்று மைனஸ் பதினொன்று. கனடாவில இருக்கிற என்ர தம்பிகூட விறைச்சுப் போயிருப்பான்,” என்றார் சிவமணி.

வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற அவர் எதையும் பத்தால் பெருக்கித்தான் சொல்வார் என்பது மகள் சாருஜாவுக்குத் தெரியும். ஆனால் இதை ஒரு கிழமையாக, சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். டொக்டரிடம் காட்டும்வரை இனிக் கார் ஓட வேண்டாம் என்று அவள் கார்த் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டாள்.

யப்பானில் யாரோ ஓடிய மின்சாரக் கார் அது. தினமும் பின்னேரம் நாலு பத்துக்கு அதன் ஹீட்டர் தானாகத் தொடங்கும்.

“பழைய ஆள் டைமர் போட்டிருக்கிறார், அப்பா. நான் அழிச்சுப்போட்டன்.”

“அழி பிள்ளை, நல்லா அழி.”

கொழும்பு வெயிலில் வாசலில் நின்ற காரில் இருவரும் ஏறி இருந்தார்கள். சாருஜா ஏசியை இருபத்துநாலில் வைத்தாள். நாலு பத்துக்குக் குளிர்காற்று நின்று சூடான காற்று வந்தது. வெளியே மைனஸ் பதினொன்று என்று திரை காட்டியது. எதிரே ஒருவர் வெயிலுக்குக் குடை பிடித்தபடி செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சென்சர் பழுது,” என்று இறங்கிப்போய்க் காரின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். அவளுடைய தலைமயிரிலும் தோளிலும் ஒட்டியிருந்த வெள்ளை, ஹீட்டர் காற்றில் கரைந்து சொட்டியது. விறைத்த விரல்களால் திறப்பை அவர் கையில் வைத்தாள்.

“ஓம் அப்பா, பனி கொட்டுது. மெதுவா ஓடுங்கோ, றோட்டு வழுக்கும்.”