நாற்பது நிமிஷம்

“அந்த ஊர்லேர்ந்து இங்க வர பிளைட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” போனில் அவள் குரல் நடுங்கியது.

“முந்நூறு கிலோமீட்டர்தான் மேடம், நாற்பது நிமிஷம்,” என்றாள் விமான நிலைய விசாரணைப் பெண்.

“எப்பவும் ரயில்லதான் வருவார், ஏழு மணி நேரம். இன்னிக்குத் திடீர்னு பிளைட்ல ஏறிட்டேன்னு மெசேஜ்...”

“வீட்டுக்காரருக்கு முதல் தடவையா? வானிலை நல்லா இருக்கு மேடம்.”

“லேட்டாக வாய்ப்பே இல்லையா?”

“அட, பயப்படாதீங்க! காத்து சாதகமா இருக்கு. பத்து நிமிஷம் முன்னாடியே இறங்கிடுவார். காபிக்குத் தண்ணி வைங்க!”

போனை வைத்தவள், அடுக்கிக்கொண்டிருந்த பெட்டியை அப்படியே போட்டாள். வீங்கிய கன்னத்தை முக்காட்டால் மறைத்துக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள்.

“அப்பா ரயில் வர்றதுக்குள்ள மெதுவாப் போயிடலாம்னு சொன்னியேம்மா?”

“செருப்பெல்லாம் வேண்டாம், ஓடுடி!”