ஒரே ஒரு சரியான விடை

வந்து சேர்ந்த விடைகள் இருநூற்றுப் பதினேழு. அதில் சரியானது ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றுதான் ஜூலியஸின் நிம்மதியைக் கெடுத்தது.

மலேசியாவின் அலோர் ஸ்டாரில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்து, மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர் ஜூலியஸ். எழுபத்தெட்டில் ஒரு சித்திரக்கதை ஆரம்பித்தார். கதை நடப்பது சந்திரனில், இரண்டாயிரத்து ஐம்பதாம் வருடம். அங்கே ஒரு நகரம். குழாய் வழியாகத்தான் காற்று. பெரிய பதவியில் இருக்கும் யாரோ ஒருவர் அந்தக் காற்றை அடைத்துவிட்டு ஆட்சியைப் பிடிக்கச் சதி செய்கிறார். அது யார்? கதை முடிவதற்குள் கண்டுபிடித்துக் கூப்பனில் எழுதி அனுப்பினால் ஒரு ரேடியோ பரிசு.

வசனம் ஜூலியஸ். படம் மோரிஸ். பத்து வருடப் பழக்கம்.

சதிகாரன் வேறு யாருமில்லை, காற்று மந்திரிதான். ஆனால் அவர் வாயில் ஜூலியஸ் வைத்த வசனம் இருக்கிறதே, தேன் தோற்றது. வாசகர்கள் சொக்கிப் போனார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், மந்திரிக்கு ஏதாவது ஆச்சு என்றால் சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டியிருந்தார். திகாம் பத்து என்ற ஊரிலிருந்து அக்னஸ், மந்திரிக்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள். ஒரு தலைமையாசிரியர், மந்திரியின் பேச்சைப் பள்ளிக்கூடத்தில் வாசிக்க அனுமதி கேட்டிருந்தார்.

இதையெல்லாம் ஜூலியஸ் மோரிஸுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். முடிந்ததும் இன்னொரு தரம் படிப்பார்.

பழி மொத்தமும் சேனாதிபதி தலையில் விழுந்தது. மிச்சம் மீதி டாக்டருக்கு. சதிகாரன் பத்திரிகை ஆசிரியரேதான் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார்.

பாடாங் மேஹா தோட்டத்துக் காளியம்மா மட்டும் எழுதியிருந்தாள்: "காற்று மந்திரி. மொத மாசமே தெரியும்."

விடை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜூலியஸ். இன்னொருவர் மோரிஸ். மோரிஸ் பெண் எடுத்த ஊர் பாடாங் மேஹா.

இரண்டு நாள் மென்று முழுங்கிப் பார்த்தார் ஜூலியஸ். மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

மோரிஸ் தூரிகையைத் துடைத்து வைத்தான். முகம் சுண்டிப் போயிற்று.

"நேரா போய்க் கேட்டுருவோம்லா, அண்ணே. நான் சொல்லியிருந்தா, நாளையிலேர்ந்து வேற ஆளப் பார்த்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினார்கள். ரேடியோவைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார் ஜூலியஸ். எப்படியும் திரும்பக் கொண்டுவரப்போவதுதான் என்று அவர் நினைப்பு. வழியெல்லாம் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

காளியம்மா பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் பால் எடுக்கிற வேலை. ஐம்பது வயதிருக்கும். லயத்து வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவள், பத்திரிகைக்காரர்கள் என்றதும் கத்தியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போனாள். மோரிஸைத் தெரியுமா என்று கேட்டதற்கு, அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று திருப்பிக் கேட்டாள்.

நல்லாத்தான் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் ஜூலியஸ்.

மெல்லத் தூண்டிலைப் போட்டார். நாலாம் மாதம் மந்திரி தன் பங்குக் காற்றைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பதாகப் பேசினாரே, ஊரே அழுததே, அந்தப் பேச்சு எப்படி என்று விசாரித்தார்.

"அப்படியா பேசினாரு?" என்றாள் காளியம்மா.

ஜூலியஸ் மோரிஸைத் திரும்பிப் பார்த்தார். கதையையே படிக்காதவள் விடை மட்டும் அனுப்பியிருக்கிறாள். இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

இதற்குள் பக்கத்து வீட்டுப் பிரேமாவதி வந்து நின்றாள். மாதாமாதம் பத்திரிகை வாங்குகிறவள் அவள்தான். தான் ஒரு வரி விடாமல் படித்ததாகவும், சேனாதிபதி என்று எழுதிப் போட்டதாகவும், இந்த அக்கா மந்திரியைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்ததாகவும் சொன்னாள்.

ஜூலியஸ் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். பரிசு வேண்டுமானால் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கூப்பனில் இருந்த எழுத்து யாருடையது என்று இப்போது தெரிந்துவிடும்.

காளியம்மா பேனாவைத் தொடவில்லை. கட்டைவிரலை நீட்டினாள்.

"மை கொண்டாந்தீங்களா, தம்பி?"

"எழுதத் தெரியாதா?"

"எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. கூப்பன இவதான் எழுதிக் குடுத்தா."

"அப்புறம் எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

அவள் உள்ளே போய், பிரேமாவதி படித்துவிட்டுக் கொடுத்த பழைய இதழ்களை எடுத்துவந்து பாயில் பரப்பினாள். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக் காட்டினாள். காற்று மந்திரி ஒரு கையை நெஞ்சில் வைத்துப் பேசுகிறார். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் காற்றுக் குழாயின் திருகைப் பிடித்திருக்கிறது. அடுத்த கட்டத்தில் திருகு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஆறு மாதமும் அப்படித்தான்.

ஜூலியஸ் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு இதழிலும் தன் வசனத்தைப் பிழைதிருத்திப் பிழைதிருத்திப் படித்தவர், படத்தை இன்றுதான் பார்க்கிறார். பிரேமாவதியும் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். மோரிஸ் மட்டும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

துணிப்பை தானாகவே காளியம்மா பக்கம் நகர்ந்தது.

"எல்லாருமே ஏமாந்துட்டாங்களேக்கா," என்றார் ஜூலியஸ், தன்னையும் சேர்த்துத்தான்.

"அவங்களுக்கு அவரு பேசுறது கேட்டுச்சு, தம்பி," என்றாள் காளியம்மா. "எனக்குக் கை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."