எண்பத்திரண்டாம் வருஷ நோட்டு

"எண்ணிப் பாத்தா ஒம்பதுதான் இருக்கு. பத்தாவது நோட்டு எங்கய்யா?"

வன அதிகாரி ஞானசேகர் தன் பச்சை மைப் பேனாவை மூடிக் கட்டில்மேல் வைத்தார். எதிரே பெத்தன் கைகட்டி நின்றார். ஒக்கூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை. கரையோரம் பெத்தனின் வீடு. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதில் நோட்டுகளைப் பரப்பியிருந்தார்கள்.

கண்மாய்க்கு நடுவே ஒரு கருவேலந்திட்டு. மழை பெய்து நீர் ஏறினால் நாரைகள் அதில் வந்து கூடு கட்டும். பார்க்க வருகிறவர்களைத் தோணியில் கூட்டிப்போவது பெத்தன். இப்போது, 1996-இல், அங்கே நிரந்தரக் காவலர் வேலை ஒன்று வந்திருந்தது. பெத்தனுக்கே கொடுக்கலாம். ஆனால் எழுபத்தைந்திலிருந்து எண்பத்து நான்கு வரை, பத்து வருஷமும் தோணி தள்ளியது அவர்தான் என்று எழுத்தில் ஆதாரம் வேண்டும். பெத்தனிடம் இருந்த ஒரே எழுத்து, தோணியில் போனவர்கள் கையெழுத்திட்ட நோட்டுகள். வருஷத்துக்கு ஒன்று.

"கையெழுத்து எதுக்குண்ணே வாங்குனீக?" என்று கேட்டாள் உதவியாளர் வின்சி.

பெத்தன் முகம் மலர்ந்தது. "ஏறும்போது பேரு எழுதணும்மா. திரும்பி எறங்குனதும் பேருக்கு நேரா கையெழுத்து. மனசுல பட்டதையும் எழுதலாம். பொழுது சாய நோட்டைப் பாப்பேன். கையெழுத்து இல்லாத பேரு இருந்தா, ஆளு இன்னும் திட்டுல நிக்கிறாருன்னு அர்த்தம். ஒரு வாத்தியாரு அப்பிடி ரெண்டு தடவ நின்னுட்டாரு. நாரையப் பாத்தா அவருக்கு வீடு வாசல் ஞாபகமே வராது."

வின்சி சிரித்துக்கொண்டே புரட்டினாள். 'என் மூக்குக் கண்ணாடியை முங்கி எடுத்துக் கொடுத்த பெத்தனுக்கு நன்றி' என்றது எழுபத்தெட்டு. 'பெத்தன் தோணியில் தூங்கியே விட்டேன்' என்றது எண்பது. ஒவ்வொரு நோட்டிலும் எங்காவது அவர் பெயர் இருந்தது.

கரையில் தோணி கிடந்தது. குடைந்த இரண்டு பனைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"ரெண்டு எதுக்குண்ணே?"

"ஒத்தப் பனை உருண்டுரும்மா. ரெண்டச் சேத்துக் கட்டுனா ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிரும். தூர்ப்பக்கம் தானா அடைச்சிருக்கும், நுனிப்பக்கம் களிமண்ண அப்பணும். தள்ளுறதுதான் வேலை. கழிய சேத்துல ஊன்றித் தள்ளி, உருவும்போது ஒரு திருகு திருகணும். திருகலேன்னா கழி சேத்துல நின்னுரும். ஆளு கழியோட தொங்குவான், தோணி அதுபாட்டுக்குப் போயிரும்."

"தோணிக் கதை போதும்," என்றார் ஞானசேகர். மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கறாரான ஆள் என்று பெயர். "எண்பத்திரண்டு எங்க?"

பெத்தன் தரையைப் பார்த்தார். காலையில் ஞானசேகர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது அவர் முகத்தையே அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், இப்போது நிமிரவே இல்லை. "அது கரையான் அரிச்சுப்போச்சுங்கய்யா."

"ஒரு வருஷம் இல்லேன்னாலும் நான் கையெழுத்துப் போட முடியாது. தெரியுமுல்ல?"

"தெரியுங்க. அந்த வருசம் நான் தோணி தள்ளலேன்னே எழுதிக்கிருங்க."

வாசலில் நின்ற அவர் மனைவி மலையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருக்கே நாயம்! நேத்து நான்தானே பத்தையும் தொடச்சு அடுக்குனேன்? ஒரே ராவுல ஒத்த நோட்ட மட்டும் தேடித் தின்னுச்சாக்கும் கரையானு?"

"ஏ, சும்மா இரு."

"எதுக்கு இருக்கணும்? ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சுக்கிட்டு, வீடு தேடி வந்த வேலையத் தள்ளிவிடுறீகளே, ஒங்களுக்கென்ன கிறுக்கா?"

உள்ளே போனாள். பானைகள் உருளும் சத்தம் கேட்டது. "அரிசிப் பானைக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்காக," என்று நோட்டைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள்.

"அதுல ஒண்ணுமில்லைங்கய்யா," என்றார் பெத்தன் அவசரமாக. "அந்த வருசம் கண்மாய்ல தண்ணி பத்தல. வந்தது ஒரே ஒரு கூட்டம். காலேஜ் பையக அஞ்சு பேரு. எம்பேரு அதுல இல்ல."

ஏமாற்றப் பார்த்திருக்கிறார் என்று வின்சிக்குத் தோன்றியது. அந்த வருஷம் வேறு யாரோ தோணி தள்ளியிருக்க வேண்டும். பாவமாகவும் இருந்தது.

ஞானசேகர் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். பிறகு தோணியைப் பார்த்தார், பெத்தனைப் பார்த்தார். பேனாவை எடுத்துப் பக்கத்தில் ஏதோ எழுதி நோட்டை மூடினார். சான்றிதழை இழுத்து, 'பத்து ஆண்டுகளும் இடைவிடாமல்' என்று நிரப்பிக் கையெழுத்திட்டார்.

"நின்னுக்கிட்டே இருக்கீகளே, உக்காருங்க பெத்தண்ணே," என்றார்.

வின்சிக்கு ஒன்றும் புரியவில்லை. சான்றிதழில் முத்திரை வைத்துவிட்டு, நோட்டுகளைக் கட்டும் சாக்கில் எண்பத்திரண்டைத் திறந்தாள்.

வெளிறிப்போன நீல மையில் இருந்தது: 'படகோட்டி தேவைப்படவில்லை. நானே தோணியைத் தள்ளி நண்பர்களைத் திட்டுக்கு அழைத்துச் சென்று வந்தேன்.'

அதற்குக் கீழே, ஈரம் காயாத பச்சை மையில்: 'பொய். தள்ளியவர் பெத்தன்.'

இரண்டு வரிக்கும் அடியில் தனித்தனியாக இருந்தது ஒரே ஆளின் கையெழுத்து. ஒரு மாதமாக அவள் தினமும் கோப்புகளில் பார்க்கிற கையெழுத்து.